எந்தக் கை மேலே

கலியாணத்துக்கு மறுநாள் விடிய
பொக்கே வாளிக்குள் நின்றது,
பண்டாரவளையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து
ஒரே ஒரு பகல் வேலை செய்த களைப்போடு.
பதினொரு றோசாவில் நாலை
மாதா சுருவத்தடியில் வைத்துவிட்டேன்.
மிச்சம் ஏழு, கொஞ்சம் வெள்ளைப் பொடிப்பூ,
காம்பைச் சுற்றிச் சற்றின் றிபன்.
எறி என்று ஒருவரும் சொல்லாததால்
வைத்திருந்தேன்.

கிறகோரி சொன்னார்:
"காயவைக்கிறதெண்டால் எங்களிட்டைக் கேளும்.
மீனுக்கு வெயில், பூவுக்கு நிழல்.
மற்றதெல்லாம் ஒண்டுதான்.
காத்துப் படவேணும்,
ஒண்டை ஒண்டு தொடக்கூடாது."
பாரையைப் பிளக்கும்போது வருகிற அதே குரல்.

நாலைத் தலைகீழாய்க் கட்டினோம்,
வலை வைக்கிற அறையின் வளையில்.
ஆனையிறவு உப்பை அரைத்து
பிஸ்கற் ரின்னுக்குள் மூன்றைப் புதைத்தோம்.
இதழிடுக்கெல்லாம் உப்புப் போகத்
தேத்தண்ணிக் கரண்டியால்,
பிள்ளைக்கு மருந்து பருக்குவதுபோல.
பொடிப்பூவுக்கு ஒன்றும் செய்யவில்லை.
அது காய்ந்தபடியேதான் பிறக்கிறது.

பெனடிக்ரா மச்சாள்
பின்னேரங்களில் வரத் தொடங்கினா.
சீனி வாங்க. பிறகொரு நாள் திருவலை வாங்க.
பிறகு ஒன்றும் வாங்காமல்.
வலையறை வாசலில் நின்று
அண்ணாந்து பார்ப்பா.
"இன்னும் காயேல்லையோ?"
கண்ணூறு என்று நினைத்தேன்.
எழுதக் கூசுகிறது, ஆனாலும் நினைத்தேன்.
செத்தல் மிளகாய் ஒன்றை நூலில் கோத்துப்
பூவுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன்.

ஐப்பசி மழை பிடித்தது.
உப்பு அழுதது.
ரின்னைத் திறந்தால் மூன்றும் ஊறுகாய்.
மேலே தொங்கிய நாலில் ஒன்றுக்குப்
பூஞ்சணத்தில் தாடி முளைத்திருந்தது.
மற்ற மூன்றும்
தேயிலைச் சாயம் ஏறி,
கருவாட்டு மணம் பிடித்து,
தப்பிவிட்டன.

கரண்ட் இல்லாத ஒரு மத்தியானம்.
காற்றென்று ஒருவரும் தொழிலுக்குப் போகவில்லை.
மச்சாள் நனைந்து வந்து
குடையை மடிக்காமலே கேட்டா:
"நீர் அதை எப்பிடிப் பிடிச்சனீர்?
எந்தக் கை மேலை?"

எனக்கு விளங்கவில்லை.

"கோயிலுக்குள்ளை நடந்து போகேக்கை.
வலக்கையோ, இடக்கையோ?"

அவவின் கலியாணம்
இரண்டாயிரத்து எட்டு, மார்கழி,
விசுவமடுவில், தறப்பாளுக்குக் கீழே.
திருவருகைக் காலத்தில் கலியாணம் இல்லை என்பதைச்
சுவாமியார் மறந்துபோன ஒரு பின்னேரம்.
பதினேழு வயது.
கட்டிவைத்தால் பிடிக்க மாட்டார்கள் என்று
கட்டிவைத்தார்கள்.
இவ்வளவும் எனக்குத் தெரியும்.
கையில் என்ன இருந்தது என்று மட்டும்
நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

கதிரையில் ஏறி அவிழ்த்தேன்.
மூன்று றோசா, பொடிப்பூ,
கறள் பிடித்த குண்டூசியோடு றிபன்.
மிளகாயை அவ கண்டா.
ஒன்றும் சொல்லவில்லை.
இடக்கை கீழே, வலக்கை மேலே என்று காட்டினேன்.
தொப்புளுக்கு நேரே வைக்கவேணும்,
கூட உயர்த்தினால் படத்தில் நாடி மறையும்.

பிடித்தா.
வலைக்குவியலடியிலிருந்து வாசல் வரை
பத்தடி இருக்கும்.
மெல்ல,
ஈரச் சட்டையோடு,
றெஜிபோம் பெட்டிகளுக்கு நடுவால்
ஒரு காலை வைத்து, நின்று,
மறு காலை வைத்து.
அதை நான் காட்டிக்கொடுக்கவில்லை.
நாலைந்து இதழ் கொட்டுண்டது.
நிலத்தில் விழுந்த சத்தம் கேட்டது,
அப்படிக் காய்ந்திருந்தது.

வாசலில் நின்று திரும்பினா.
"பாரமே இல்லை" என்றா.

"புதுசிலை இருந்தது, மச்சாள்.
தண்ணிப் பாரம்."